கை வைத்தியம் முடக்குவாதத்தை முடக்குமா?

உடம்பில் எங்கே வலித்தாலும் கை தானாகவே அங்கே போகிறது. தலை வலித்தால் நெற்றியைப் பிடிக்கிறார்கள். கால் வலித்தால் காலைப் பிசைந்து விடுகிறார்கள். குழந்தை வயிற்று வலியால் அழுதால், தாய் வயிற்றைத் தடவிக் கொடுக்கிறாள். மருந்து என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடிப்பதற்கு முன்பே, கை வைத்தியம் பிறந்து விட்டது.

இந்தக் கை வைத்தியத்தையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. அந்த வைத்திய முறைக்கு "ஆஸ்டியோபதி" என்று பெயர். எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கையால் அழுத்தியும், நீட்டியும், மெல்ல அசைத்தும் நோயாளிக்குச் சுகம் தருவது இந்த முறை.

முதுகு வலிக்காரர்கள் இதை நாடுகிறார்கள். கழுத்து வலிக்காரர்கள் நாடுகிறார்கள். முடக்குவாதம் வந்தவர்களும் நாடுகிறார்கள்.

முடக்குவாதக்காரர் இந்த வைத்தியத்திடம் போகலாமா? போனால் குணம் கிடைக்குமா? மாத்திரையை நிறுத்தி விட்டு இதை மட்டும் நம்பலாமா?

கேள்வி சின்னதுதான். ஆனால், ஒருவரின் கையும் காலும் பிழைப்பது இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

வீட்டுக் காவலாளியே திருடன்!

முதலில் வியாதியைப் புரிந்து கொள்ள வேண்டும்.

மூட்டு வலி எல்லாம் முடக்குவாதம் அல்ல. வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு வியாதி. அது நாள்பட்ட உழைப்பாலும் வயதாலும் வருகிற தேய்மானம்.

முடக்குவாதம் அப்படிப்பட்டதல்ல. உடம்புக்குள் கிருமி நுழைந்தால், அதை எதிர்த்துப் போராட ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படைக்குப் புத்தி தடுமாறி, சொந்த உடம்பின் மூட்டுகளையே பகைவன் என்று நினைத்துத் தாக்குகிறது. காவலாளியே வீட்டுக்குள் புகுந்து சூறையாடுவது போன்ற கதை இது. மூட்டின் உள்பக்கத்தில் உள்ள மெல்லிய சவ்வு வீங்குகிறது. வீங்கிய சவ்வு, குருத்தெலும்பை அரிக்கிறது. பிறகு எலும்பையும் அரிக்கிறது.

இந்த வியாதி இளம் வயதிலும் வரும். முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் உலகத்தில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. அவர்களில் 100-க்கு 70 பேர் பெண்கள்.

அடையாளங்கள் என்ன?

கை விரல், மணிக்கட்டு, கால் விரல் போன்ற சிறிய மூட்டுகளில்தான் பெரும்பாலும் முதலில் தொடங்கும். வலது கையில் வந்தால், இடது கையிலும் வரும். மூட்டு வீங்கும். தொட்டால் சூடாக இருக்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. டம்ளரைப் பிடிக்க முடியாது. இந்த விறைப்பு அரை மணி நேரம், ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். கூடவே அசதி, லேசான காய்ச்சல், பசியின்மை.

இப்படிச் சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால், "வாய்வு" என்று சொல்லிக் கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையும், எக்ஸ்-ரே படமும் உண்மையைக் கண்டுபிடிக்க உதவும்.

ஓவியரின் விரல்கள்

இந்த வியாதியை அதன் போக்கிலே விட்டால் என்ன ஆகும்?

பிரான்ஸ் நாட்டில் ரெனுவார் என்று ஒரு புகழ் பெற்ற ஓவியர் இருந்தார். 1841-ல் பிறந்தவர். அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்தது.

கை விரல்கள் மடங்காமல் இருக்க, அவர் தினமும் காலையில் பந்துகளை மேலே எறிந்து பிடித்துப் பழகினார். வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர்களுக்குப் போய்க் குளித்தார். வெயில் நல்லது என்று தெற்கே கடற்கரைப் பக்கம் குடியேறினார். உறுதியான மனிதர். முயற்சிக்குக் குறைவே இல்லை.

ஆனால், வியாதி நிற்கவில்லை. பந்து பிடிக்க முடியாமல் போயிற்று. கைத்தடி வந்தது. பிறகு சக்கர நாற்காலி வந்தது. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கொண்டன. நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்காமல் இருக்க, கையில் துணி சுற்றினார்கள். தூரிகையை மற்றவர்கள் எடுத்து அவர் கையில் செருகினார்கள். அந்தக் கையோடு 1919-ல் இறக்கும் வரை அவர் படம் வரைந்தார்!

அவருடைய மன உறுதியை உலகமே போற்றுகிறது. ஆனால், அந்த மன உறுதிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவர் காலத்தில் இந்த வியாதியைத் தடுத்து நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. அதை மறந்து விடக் கூடாது.

ஊஞ்சலில் பிறந்த வைத்தியம்

இனி ஆஸ்டியோபதியின் கதைக்கு வருவோம்.

இந்த முறையைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1828-ல் பிறந்தவர். தகப்பனார் ஒரு மத போதகர், வைத்தியமும் பார்த்தவர்.

ஸ்டில் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் கடுமையான தலைவலி வந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஏர்க் கயிற்றைக் கட்டி ஊஞ்சல் போட்டிருந்தான். அந்தக் கயிற்றைத் தரைக்குச் சற்று மேலே இறக்கிக் கட்டினான். அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டான். கயிற்றின்மேல் கழுத்தை வைத்துத் தரையில் படுத்தான். அப்படியே தூங்கி விட்டான். விழித்து எழுந்தபோது தலைவலி போயிருந்தது!

பிற்காலத்தில் இதை அவரே தம் சுய சரிதையில் எழுதினார். தம்முடைய வைத்தியத்தின் முதல் பாடம் அந்த ஊஞ்சல் கயிறுதான் என்பது அவர் எண்ணம்.

வாலிபத்தில் அவரும் மற்ற டாக்டர்களைப் போல மருந்து கொடுத்துத்தான் வைத்தியம் பார்த்தார். ஆனால், 1864-ல் அவர் வீட்டில் இடி விழுந்தது. மூளைக் காய்ச்சல் வந்து அவருடைய குழந்தைகள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்து போனார்கள். வந்த டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக்டரான தகப்பனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று முதல் மருந்தின்மீது அவருக்கு வெறுப்பு வந்தது. எலும்புகளையும் தசைகளையும் ஆராய்வதில் மூழ்கினார். 1874-ல் தம்முடைய புதிய முறையை அறிவித்தார். ஊர் ஊராகப் போய், எலும்பு பிடிக்கும் வைத்தியராகப் பேர் வாங்கினார். 1892-ல் மிசவுரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்ற ஊரில் ஒரு கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். 1917-ல், 89-வது வயதில் அவர் காலமானார்.

அவர் கோபம் நியாயமானதுதான். அந்தக் காலத்து மருந்துகள் என்ன? பாதரசம் கலந்த பேதி மருந்து, அபின், சாராயம்! நோயைவிட மருந்தே பலரைக் கொன்ற காலம் அது. அப்போது, "மருந்தைத் தூக்கி எறி, கையால் பிடித்து விடு" என்று சொன்னவர், பல உயிர்களைக் காப்பாற்றியிருப்பார்.

ஆனால், 1874-ல் நியாயமாக இருந்த பேச்சு இன்றும் நியாயம் ஆகி விடுமா?

சீடர்களின் கையில் மருந்துச் சீட்டு!

இதற்கான பதிலை ஸ்டிலின் சீடர்களே சொல்லி விட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்து வெளிவருபவர் முழு டாக்டர். மற்ற டாக்டர்களைப் போலவே ஊசி போடுகிறார். ஆபரேஷன் செய்கிறார். மருந்து எழுதுகிறார். கை வைத்தியம் அவருக்குக் கூடுதலாகத் தெரிந்த கலை. அவரிடம் முடக்குவாதக்காரர் போனால், அவரும் முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் எடுப்பார்!

இங்கிலாந்தில் நிலைமை வேறு. ஸ்டிலிடம் படித்த லிட்டில்ஜான் என்பவர் 1917-ல் லண்டனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆஸ்டியோபதி தனித் தொழிலாக வளர்ந்தது. 1993-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. பதிவு செய்யாதவர்கள் அந்தப் பட்டத்தைப் போட்டுக் கொண்டால் குற்றம். ஆனால், அங்கே ஆஸ்டியோபதி படித்தவர், அந்தப் படிப்பினால் மட்டும் மருந்து எழுதும் டாக்டர் ஆகி விட மாட்டார். கையால் செய்யும் சிகிச்சையோடு அவர் வேலை முடிகிறது.

பெயர் ஒன்றுதான். ஆனால், கடல் தாண்டினால் பொருள் மாறுகிறது! ஆகவே, "அமெரிக்காவில் இந்த வைத்தியர்கள் எல்லா வியாதியையும் பார்க்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் மயங்கி விடக் கூடாது. அவர்கள் பார்ப்பது உண்மை. மருந்தோடுதான் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை.

கை செய்யும் நன்மை

அப்படியானால், கை வைத்தியம் வீணா? இல்லை.

மூட்டு வலிக்கும்போது, அதைச் சுற்றியுள்ள தசை இறுகிக் கொள்கிறது. மணிக்கட்டு வலிக்கிறவர் தோளைத் தூக்கிக் கொண்டே நடப்பார். முழங்கால் வலிக்கிறவர் இடுப்பைச் சாய்த்து நடப்பார். நாளாக நாளாக, வியாதி இல்லாத இடமும் வலிக்கத் தொடங்கும். பழகிய கை அந்தத் தசைகளை மெல்ல நீவி விட்டால் இறுக்கம் தளரும். வலி சற்றுக் குறையும். இரவில் தூக்கம் வரும். வலியோடு வாழ்கிறவருக்கு ஓர் இரவுத் தூக்கம் சின்ன விஷயமா?

இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை நல்லது என்று ஆராய்ந்து டாக்டர்களுக்கு வழி சொல்லும் அரசாங்க அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை "நைஸ்" என்று அழைக்கிறார்கள். முடக்குவாதம் பற்றி 2018-ல் அது வெளியிட்ட குறிப்பில், இதுபோன்ற துணை வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. சில துணை வைத்தியங்கள் கொஞ்ச காலத்துக்கு வலியைக் குறைக்கலாம். நீண்ட காலம் பலன் தரும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு அல்லது இல்லை. மருந்துக்குப் பதிலாக இவற்றை வைத்துக் கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. துணை வைத்தியம் செய்து கொண்டார் என்பதற்காக நோயாளியை டாக்டர்கள் வேறு மாதிரி நடத்தக் கூடாது!

நல்ல தீர்ப்பு. கை வைத்தியம் துணைக்கு வரலாம். தலைமை தாங்க முடியாது.

காரணம் எளிது. வியாதி தசையிலும் இல்லை, எலும்பு இடம் மாறியதாலும் வரவில்லை. ரத்தத்தில் ஓடுகிற காவல் படையின் புத்தித் தடுமாற்றத்தால் வந்தது. தோலுக்கு மேலே எவ்வளவு நீவினாலும், அந்தப் படைக்குப் புத்தி சொல்ல முடியாது.

கழுத்து ஜாக்கிரதை!

நன்மையைச் சொன்னது போல ஆபத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதுகெலும்பின் உச்சியில், மண்டை ஓட்டுக்குக் கீழே இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றன. கீழ் எலும்பில் ஒரு முளை இருக்கிறது. அந்த முளை நகராமல் ஒரு நார்க்கட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது. அதன் பின்னால்தான் உயிர் நாடியான தண்டுவடம் இறங்குகிறது.

முடக்குவாதம் சிலருக்கு இந்த நார்க்கட்டையும் அரித்துத் தளர்த்தி விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் கழுத்தைப் பிடித்து ஒருவர் "சடக்" என்று திருப்பினால்? முளை பின்னால் நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். கை கால் விழுந்து போகலாம். உயிரும் போகலாம்.

ஆகவே, முடக்குவாதம் உள்ளவர்கள் கழுத்தைச் சொடுக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. ஆஸ்டியோபதிக்காரர் ஆனாலும் சரி, முடி வெட்டும் கடையில் பழக்கத்துக்குக் கழுத்தைத் திருப்புகிறவர் ஆனாலும் சரி!

நன்றாகப் படித்த ஆஸ்டியோபதிக்காரர் இதை அறிவார். முதல் நாளே, "உங்களுக்கு முடக்குவாதம் உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார். கேட்காமலே கழுத்தில் கை வைக்கிறவரிடம் இருந்து எழுந்து வந்து விடுவதே நல்லது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தவோ முறுக்கவோ கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை பல காலம் சாப்பிட்டவர்களின் எலும்பு மெலிந்து இருக்கும்; பலமாக அழுத்தினால் முறியலாம்.

அதிசய ஊசி

மருந்தின் கதையும் ஒரு அதிசயக் கதைதான்.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற ஆஸ்பத்திரியில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் இருந்தார். மஞ்சள் காமாலை வந்தால் சிலருக்கு முடக்குவாத வலி குறைவதை 1929-ல் அவர் கவனித்தார். கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு வலி மறைவதையும் கண்டார். "உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது" என்று யூகித்தார். அந்த யூகத்தைப் பிடித்துக் கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காத்திருந்தார்.

1948 செப்டம்பரில், படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, பின்னால் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசி மூலம் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார்! கடைவீதிக்கும் போய் வந்தார்! உலகமே வியந்தது. 1950-ல் ஹெஞ்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மருந்தை அதிகமாக, நீண்ட காலம் கொடுத்தபோது முகம் உப்பியது. எலும்பு மெலிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றும் தெரிந்தது.

ஸ்டீராய்டு என்ற இந்த மருந்து இன்றும் பயன்படுகிறது. குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, டாக்டரின் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். "மூன்றே நாளில் குணம்" என்று பெயர் தெரியாத பொடி விற்கிறவர்கள், இந்த ஸ்டீராய்டையே அதில் ரகசியமாகக் கலந்து பிடிபட்டது உண்டு. வலி மூன்று நாளில் பறந்து போனால் மகிழ்ச்சி அடையக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்!

வாரம் ஒரு நாள் மட்டும்

இன்று முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் முக்கியமான மருந்து மெத்தோட்ரெக்சேட். பெரிய அளவில் கொடுத்தால் இது புற்றுநோய் மருந்து. மிகச் சிறிய அளவில் கொடுத்தால் காவல் படையின் வெறியை அடக்கும். 1988-ல் அமெரிக்க அரசாங்கம் இதை முடக்குவாதத்துக்கு அனுமதித்தது. விலையும் அதிகம் இல்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிடக் கூடாது! தவறாகத் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. காலண்டரில் கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பது நல்ல பழக்கம். போலிக் அமில மாத்திரையை எந்த நாளில் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மது கூடாது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

இந்த மாத்திரை போதாதவர்களுக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன. அதில் ஒன்றின் கதையில் ஓர் இந்தியப் பெயர் வருகிறது. பஞ்சாபில் உள்ள லூதியானாவில் 1937-ல் பிறந்தவர் ரவீந்தர் மைனி. லண்டனில் டாக்டரானார். அவரும் மார்க் பெல்ட்மான் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து, மூட்டு வீக்கத்தைத் தூண்டி விடும் ஒரு பொருளை மூட்டுச் சவ்வில் அடையாளம் கண்டார்கள். அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்தை 1992-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது! 2003-ல் அமெரிக்காவின் புகழ் பெற்ற லாஸ்கர் பரிசு இருவருக்கும் கிடைத்தது. இந்த வகை ஊசி மருந்துகள் விலை அதிகம். போடுவதற்கு முன் காச நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெருமை யாருக்கு?

"எல்லாம் சரி. ஆனால், பிடித்து விட்டதால் குணமானது என்று பலர் சொல்கிறார்களே?" என்று கேட்கலாம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: முடக்குவாதம் ஒரே சீராக இருக்கும் வியாதி அல்ல. சில வாரம் பொங்கும். சில வாரம் தணியும். பொங்கும்போதுதான் மனிதர் வைத்தியரைத் தேடி ஓடுகிறார். அது தானாகத் தணியும்போது, பெருமை கடைசியாகத் தொட்ட கைக்குப் போகிறது.

இரண்டு: மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். நோயாளிக்குப் பொறுமை போய் விடுகிறது. "மாத்திரையால் பலன் இல்லை" என்று எண்ணி ஐந்தாவது வாரத்தில் கை வைத்தியத்துக்குப் போகிறார். எட்டாவது வாரத்தில் வலி குறைகிறது. நட்டவன் ஒருவன், பழம் பறித்தவன் ஒருவன்! அந்தத் தவறான எண்ணத்தில் மாத்திரையை நிறுத்தி விட்டால், சில மாதங்களில் வியாதி திரும்பி வந்து விடும்.

காலம் இதில் மிகவும் முக்கியம். எலும்பு அரிப்பு, வியாதி வந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்குத் தொடங்கி விடுகிறது. அரித்துப் போன எலும்பு மறுபடி பழையபடி ஆகாது. முதல் சில மாதங்களில் மருந்தைத் தொடங்கினால் விரல்களைக் காப்பாற்றலாம். "முதலில் கை வைத்தியம் பார்ப்போம், கேட்காவிட்டால் டாக்டரிடம் போவோம்" என்று ஓர் ஆண்டைத் தள்ளினால், இழந்ததை எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது.

தென் ஆப்பிரிக்காவில் 1967-ல் உலகத்திலேயே முதன் முதலாக மனித இருதயத்தை மாற்றி வைத்தவர் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட். அந்தக் கைகளையும் முடக்குவாதம் பிடித்தது. 1983-ல் அவர் ஆபரேஷன் செய்வதை விட்டு ஓய்வு பெற்றார். இருதயத்தையே மாற்றியவராலும் தம் விரல்களை மாற்ற முடியவில்லை!

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை

கை வைத்தியத்தை நாடிப் போகிறவர்களைக் கேலி செய்வதில் பயன் இல்லை. அவர்கள் ஏன் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஆஸ்டியோபதிக்காரர் அரை மணி நேரம் நோயாளியோடு இருக்கிறார். "எங்கே வலிக்கிறது? எப்போது வலிக்கிறது? இரவில் தூங்கினீர்களா?" என்று கேட்கிறார். வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் இது கிடைக்கிறதா? மூன்று நிமிஷம், ஒரு சீட்டு, "அடுத்தவர் வரலாம்!" மாத்திரை எப்போது வேலை செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. வாரம் ஒரு நாள் என்பதைக்கூடச் சிலர் அவசரமாகச் சொல்லி விடுகிறார்கள்.

"இந்த மாத்திரை வேலை செய்ய மூன்று மாதம் ஆகலாம், அதுவரை பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று ஒரு டாக்டர் இரண்டு நிமிஷம் ஒதுக்கிச் சொன்னால், பல பேர் மருந்தை நிறுத்த மாட்டார்கள். சரியான மருந்து டாக்டரிடம் இருக்கிறது. நேரமும் பரிவும் கை வைத்தியரிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் நோயாளிக்குக் கொடுப்பதுதான் நல்ல வைத்தியம்.

வீட்டிலே என்ன செய்யலாம்?

வலிக்கிறது என்று அசையாமல் படுத்திருந்தால் தசை மெலியும்; மூட்டு இறுகும். இங்கிலாந்தில் 490 முடக்குவாதக்காரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மருந்தோடு, கைகளுக்கு ஏற்ற பயிற்சியையும் நிபுணர் கற்றுக் கொடுத்தபோது, கைகளின் செயல் திறன் அதிகமானது. பயிற்சியை பிசியோதெரபி நிபுணரிடம் கற்று, வீட்டில் தினமும் செய்யலாம். மூட்டு வீங்கிக் கொதிக்கும் நாட்களில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்தால் விறைப்பு தளரும். கனமான குடத்தை விரலால் தூக்காமல், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். துணி பிழிவது, அம்மி அரைப்பது போன்ற வேலைகளை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். புகை பிடிக்கிறவர்கள் உடனே நிறுத்த வேண்டும். புகை இந்த வியாதியை வரவழைக்கவும் செய்யும். வந்ததை வளர்க்கவும் செய்யும்.

வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த வியாதிக்காரரைப் பார்த்தால் சில நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். "நேற்று நன்றாகத்தானே வேலை செய்தாள், இன்று என்ன நடிப்பு?" என்று மாமியாரோ கணவனோ கேட்டு விடக் கூடாது. நேற்றைய கை வேறு, இன்றைய கை வேறு. அதுதான் இந்த வியாதியின் குணம்.

இதமாகப் பிடித்து விடும் கை வேண்டுமா? தாராளமாக வைத்துக் கொள்ளலாம். டாக்டரிடம் சொல்லி விட்டு, பதிவு பெற்ற, படித்த கையாகப் பார்த்துப் போகலாம். கழுத்தைச் சொடுக்க விடக் கூடாது. "மாத்திரையை நிறுத்தி விடு" என்று அந்தக் கைக்குரியவர் சொன்னால், அன்றோடு அங்கே போவதை நிறுத்தி விட வேண்டும்.

ரெனுவாருக்குக் கிடைக்காத மருந்து இன்று கிடைக்கிறது. தன் குழந்தைகளைப் பறிகொடுத்து மருந்தை வெறுத்த ஸ்டிலின் சீடர்களே இன்று அந்த மருந்தை எழுதுகிறார்கள். விரல் வீங்கிய முதல் மாதத்திலேயே டாக்டரிடம் போகிறவருக்கு, விரல் கோணாமல் இருக்க நல்ல வழி இருக்கிறது. அந்த வழியைத் தவற விடக் கூடாது.